ஒய்யக்காவும் நான்காவது கட்டமும்

சலவை ஆலையில் அவளுக்கு மூன்று பெயர்கள். சம்பளப் பட்டியலில் இருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மேனேஜருக்கு அவள் 'ரெஜிஸ்டர்'. மற்ற எல்லோருக்கும் ஒய்யக்கா. ஏன் என்று கேட்க ஆங்கிலத்தில் இருக்கிற 'ஒய்'யை எடுத்து அக்காவோடு ஒட்டியவர் மெக்கானிக் அண்ணன். அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். இருவரில் யார் மூத்தவர் என்கிற வழக்கு பல வருடங்களாகத் தீர்ப்பாகாமல் கிடந்தது.

பெயர் வந்த கதை சின்னது. ஒருநாள் ஒழுகுகிற நீராவிக் குழாயில் அவர் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே ஒழுகுது?"

"வாஷர் தேஞ்சு போச்சு."

"ஏன் தேஞ்சுது?"

"பழசுக்கா."

"ஏன் மாத்தல?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "மூணு வயசுப் பிள்ளைகூட ரெண்டு ஏனோட நிறுத்திக்கும். நீங்க சாதாரண அக்கா இல்ல, ஒய்யக்கா!"

மடிப்பு மேசைப் பெண்கள் சிரித்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பெயர் பாய்லர் அறையிலிருந்து வாசல் கேட்டு வரைக்கும் போய்விட்டது. கேலிக்கு வைத்த பெயர்தான். அவள் அதைக் கழற்றி எறியவில்லை. போகப் போக அது அவளுக்குப் பொருந்தவும் செய்தது.

அந்த ஆலைக்கு மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். ஆறு துவைக்கும் எந்திரங்கள், இரண்டு உலர்த்தும் எந்திரங்கள், நடுக்கூடத்தில் ரோலர். ரோலர் என்றால் ஓர் ஆள் உயரத்துக்கு, பத்தடி நீளத்துக்குப் படுத்திருக்கும் இஸ்திரிப்பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெண்கள் ஈர விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துச் சூடான உருளைகளுக்கு ஊட்டுவார்கள். மறுபக்கம் அது அப்பளமாக வெளியே வரும். அங்கே இரண்டு பெண்கள் வாங்கி மடிப்பார்கள். பேச்சு, பாட்டு, வசவு எல்லாம் அந்தச் சத்தத்துக்கு மேலே ஏறித்தான் கேட்க வேண்டும். அதனால் அங்கே வேலை பார்த்தவர்கள் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்கள்.

ஒய்யக்கா அந்த ரோலருக்கு ஒன்பது வருடம் விரிப்பு ஊட்டியவள். ஒருநாள் அது விரிப்போடு சேர்த்து அவளுடைய வலது கையையும் கேட்டது. கை மிஞ்சியது. சுண்டு விரலும் மோதிர விரலும் மட்டும் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. கட்டு அவிழ்த்து வந்தவளை வாசலோர மேசையில் உட்கார வைத்தார்கள். எழுத்து அழகாக இருக்கும் என்பதுதான் தகுதி. வேலை, விபத்துப் பதிவேடு எழுதுவது.

பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டங்கள், ஆங்கிலத்தில் அச்சடித்தவை. என்ன நடந்தது, எப்போது நடந்தது, யாருக்கு நடந்தது, ஏன் நடந்தது. முதல் மூன்றையும் அவள் எழுதுவாள். நான்காவதில் மேனேஜர் ஒரு ரப்பர் முத்திரை குத்துவார். ஊதா மையில் ஆங்கிலத்தில் ஒரே வரி. கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவேட்டு எழுத்தரின் கையெழுத்து இல்லாத பக்கம் செல்லாது என்று அட்டையின் உள்பக்கமே அச்சாகியிருந்தது. ஒருவர் பெயரில் மூன்று முத்திரை விழுந்தால் அவருக்கு வேலை போய்விடும். அது எங்கேயும் அச்சாகியிருக்கவில்லை. ஆனால் தவறாமல் நடந்தது.

முதல் ஐந்து வருடம் அந்த ஊதா வரிக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். இங்கிலீஷ் வாத்தியார் 'ஒய்?' என்று கேட்டுவிட்டு ஸ்கேலை ஓங்குவார். அவளைப் பொறுத்தவரை அது கேள்வியே இல்லை, அடிக்கு முன்னால் வருகிற சத்தம். ஆலையிலும் மேனேஜர் "ஒய் லேட்?" என்பார். பஸ் வரவில்லை என்று வாயைத் திறந்தால் "எதிர்த்துப் பேசறியா?" என்பார். பதில் சொன்னால் குற்றமாகிற ஒரே கேள்வி அதுதான் என்று அவள் நினைத்திருந்தாள்.

பழைய பேப்பர் கடையில் ஓர் அகராதி கிடைத்தது. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் விரிவாகப் பொருள் சொல்கிற தடித்த புத்தகம். முன்னட்டை இல்லை, எடை மட்டும் இருந்தது. வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தலையணைக்குன்னா கொஞ்சம் மெத்துனு வாங்கியிருக்கலாமே" என்றார்.

முதலில் அவள் தேடியது ஊதா வரியைத்தான். சொல் சொல்லாக, விரலை வைத்து. 'தொழிலாளியின் கவனக்குறைவு.'

மறுநாள் ஆலைக்குப் போய் ஒரு சாக்குச் சொல்லிப் பழைய பதிவேட்டைக் கேட்டு வாங்கித் தன்னுடைய பக்கத்தைத் திறந்தாள். அது முத்திரை வருவதற்கு முந்தைய காலம்; கையெழுத்தை அடிபட்டவரிடமே வாங்குவார்கள். அதே வார்த்தைகள் மேனேஜரின் கையெழுத்தில் இருந்தன. கீழே கோணல்மாணலாக அவளுடைய கையெழுத்து. வலது கையில் கட்டு இருந்ததால் இடது கையால் போட்டது. தன் விரல் போனதற்குத் தானேதான் காரணம் என்று, படிக்கத் தெரியாத மொழியில், பழக்கமில்லாத கையால் ஒப்புக்கொடுத்திருந்தாள். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் 'ஒய்' என்ற சொல்லையே அகராதியில் தேடினாள். ஒரு வரியில் முடியும் என்று நினைத்தது முக்கால் பக்கம் ஓடியது. தமிழில் ஏன், எதற்கு, எதனால் என்று பிரித்துக் கேட்பதையெல்லாம் அந்த ஒற்றைச் சொல் தூக்கிச் சுமந்தது. 'ஒய் டோன்ட் யூ' என்று நீட்டி, 'உட்கார், சாப்பிடு' என்று உபசரிக்கவும் அதைச் சொல்வார்களாம். எதிர்பாராமல் ஒருவரைப் பார்த்துவிட்டால் 'அட!' என்பதற்கும் அதுதானாம். மேனேஜரின் அதட்டல் மட்டும் எண் போட்ட பொருள் எதிலும் இல்லை. பத்தியின் கடைசியில் சின்ன எழுத்தில் அதன் பிறப்பு வளர்ப்பு. 'ஒய்' தனியாகப் பிறந்த சொல் அல்ல. ஆயிரம் வருடங்களுக்கும் முன்னால், 'என்ன' என்கிற சொல்லோடு வேற்றுமை சேர்ந்து உண்டான வடிவம். 'எதைக் கொண்டு', 'எதனால்' என்பதே அதன் பழைய பொருள். 'யார்' என்று கேட்கிற சொல்லும் அதே வீட்டுப் பிள்ளைதான்.

அவள் அந்தச் சின்ன எழுத்தை மறுபடி மறுபடி படித்தாள். ஒரே வீட்டில் பிறந்திருக்கலாம். ஆனால் அக்கா வேலை வேறு, தங்கை வேலை வேறு. மூன்றாவது கட்டம் யார் என்று கேட்கிறது. நான்காவது எதனால் என்று கேட்கிறது. இந்த ஆலையில் மூன்றாவதன் பதிலையே நான்காவதிலும் வருடக்கணக்காகக் குத்திக்கொண்டிருக்கிறார்கள். கை எதனால் மாட்டியது என்று கேட்டால் கையை வைத்தவள் யார் என்று பதில்.

அன்று தொடங்கிய ஏன்தான் பாய்லர் அறை வரைக்கும் போய்ப் பெயராகத் திரும்பி வந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அவள் கேட்பாள், கேட்டுவிட்டுக் கையெழுத்தும் போடுவாள். வீட்டு வாடகை, மகளின் பள்ளிக்கூடம், மடங்காத இரண்டு விரல். இந்த மேசை போனால் வேறு எந்த மேசை அவளைக் கூப்பிடும்? அர்த்தம் தெரிந்த பிறகும் ஆறு வருடம் போட்டாள். முன்னதையும் சேர்த்தால் மொத்தம் அறுபத்து மூன்று பக்கங்கள். வேலை போனவர்கள் ஏழு பேர்.

அதை அவள் முகத்துக்கு நேராகச் சொன்னவள் நெட்டச்சி. ரோலரில் விரிப்பு ஊட்டுகிற பெண், கல்யாணமாகாதவள், ஆறடிக்கு இரண்டு விரல் குறைவு. நாக்கு அதைவிட நீளம். அவள் பெயரில் ஏற்கெனவே இரண்டு முத்திரை. ஒருமுறை நீராவிக் குழாய் சுட்டது, ஒருமுறை தள்ளுவண்டிச் சக்கரம் கழன்று காலில் ஏறியது. இரண்டாவது பக்கத்தில் ஒய்யக்கா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சக்கரம் கழண்டதுக்கு நான் என்னக்கா கவனமா இருக்கணும்? வண்டிக்கு முன்னாடி போய் அதைக் கும்பிட்டு வரணுமா?"

"எனக்குத் தெரியுதுடி. நானும் கேட்டேன்."

"நீங்க எல்லாத்தையும் கேக்கறீங்க. எங்களைக் கேக்கறீங்க, மெக்கானிக் அண்ணனைக் கேக்கறீங்க, குழாயைக்கூடக் கேக்கறீங்க. மேனேஜர்கிட்ட மட்டும் கையெழுத்துப் போடறீங்க." நெட்டச்சி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "பேரு ஒய்யக்கா. வேலை என்னவோ ஆமாக்கா."

சிரித்துக்கொண்டு குத்தினால் ஆழமாக இறங்கும்.

நெட்டச்சிக்கு மூன்றாவது விபத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு நடந்தது. மருத்துவமனை விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. ரோலர் முழு வேகத்தில் ஓடியது. விரிப்பின் ஓர் ஓரம் சுருண்டு போக, அதை நேராக்கக் கையை நீட்டினாள். அந்தச் சத்தத்துக்கும் மேலே அவள் குரல் கேட்டது. மெக்கானிக் அண்ணன் ஓடிவந்து மெயின் சுவிட்சை இழுப்பதற்குள் மூன்று விரல்கள் வெந்துவிட்டன. எலும்பு தப்பியது. மேனேஜரே தன் காரில் அவளை ஏற்றினார். ஏற்றும்போது பதிவேட்டு இழுப்பறையின் சாவியை ஒய்யக்கா கையில் போட்டார்.

"பக்கத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு வை. நாளைக்குத் தலைமை ஆபீஸ்ல இருந்து ஆள் வருது. எல்லாம் ரெடியா இருக்கணும்."

"நாலாவது கட்டம் சார்?"

"அதெல்லாம் இருக்கும். நீ உன் வேலையைப் பாரு."

வழக்கமாகப் பதிவேடு அவர் இழுப்பறையில் பூட்டியே இருக்கும். எழுத வேண்டிய பக்கத்தை அவரே திறந்து நீட்டுவார், எழுதியதும் வாங்கி மூடிவிடுவார். சாவி அவள் கைக்கு வந்தது அன்றைக்குத்தான். இது அந்த மாதம் தொடங்கிய புதுப் புத்தகம். இரண்டு பக்கங்கள்தான் எழுதியிருந்தார்கள். மூன்றாவது பக்கத்தைத் திறந்தாள். நான்காவது கட்டத்தில் ஊதா முத்திரை ஏற்கெனவே இருந்தது. மை காய்ந்து பழசாகியிருந்தது.

விபத்து நடந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். வெள்ளைப் பக்கம், ஊதா முத்திரை. அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது. கடைசிப் பக்கம் வரைக்கும் நாற்பத்தெட்டு முத்திரைகள். வேலையில்லாத ஏதோ ஒரு மத்தியானம் மேனேஜர் உட்கார்ந்து, பின்னால் சிரமம் வேண்டாமென்று, முழுப் புத்தகத்துக்கும் சேர்த்துக் குத்தி வைத்திருந்தார்.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் கணக்குப் புரிந்தது. இந்தப் பக்கத்தில் அவள் கையெழுத்து விழுந்தால் நெட்டச்சிக்கு வேலை இல்லை. விழாவிட்டால் இவளுக்கு இல்லை.

என்ன, எப்போது, யாருக்கு. மூன்று கட்டங்களையும் எழுதினாள். பேனாவை மூடி வேலைச் சட்டையின் பையில் செருகிக்கொண்டு ரோலரைப் பார்க்கப் போனாள்.

உருளைகளுக்கு முன்னால் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் பட்டாலே எந்திரத்தை நிறுத்திவிட வேண்டிய கம்பி. அது தலையணை உறையிலிருந்து கிழித்த நாடாவால் மேலே தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. நாடா பழுப்பேறியிருந்தது.

மெக்கானிக் அண்ணன் பாய்லர் அறை வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, கம்பி ஏன் கட்டிக் கிடக்கு?"

"இன்னிக்கு வேணாங்க்கா."

"இன்னிக்குத்தான் வேணும். ஏன் கட்டினீங்க?"

"சும்மா சும்மா எந்திரத்தை நிறுத்துச்சு. விரிப்பு லேசா உரசினாலே நின்னுடும்."

"ஏன் நின்னுச்சு?"

"ஸ்பிரிங் தொளதொளன்னு ஆயிடுச்சு."

"ஏன் மாத்தல?"

"சீட்டு எழுதிக் குடுத்தேங்க்கா! ஒரு தடவையா? மூணு தடவை. முதல் சீட்டுக்கு எட்டு மாசம் ஆச்சு. அவர் மேசைத் தட்டுல தூங்குது. 'அதுவரைக்கும் கட்டிப் போட்டு ஓட்டு, வேலை நிக்கக் கூடாது'ன்னாரு." சொல்லி முடித்ததும்தான் அவருக்கு உறைத்தது. "அக்கா, இதை எழுதிடாதீங்க. கட்டினது என் கை. என் வயித்துல அடிச்சிடாதீங்க."

"கட்டினது உங்க கை. கட்டச் சொன்னது யாரு வாய்?"

"வாய்க்கு யாருக்கா முத்திரை குத்துவாங்க? எப்பவும் கைக்குத்தான்."

அவள் தன் மடங்காத விரல்களைப் பார்த்தாள். பிறகு மேசைக்குத் திரும்பினாள். நான்காவது கட்டத்தில் இருந்த முத்திரையின் மேல், அளவுகோல் வைத்து, ஒரே ஒரு கோடு இழுத்தாள். வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்துத் தமிழில் எழுதினாள்.

'கை எதனால் மாட்டியது? தடுப்புக் கம்பி இடத்தில் இல்லாததால். கம்பி எதனால் இடத்தில் இல்லை? மேலே கட்டப்பட்டதால். எதனால் கட்டப்பட்டது? ஸ்பிரிங் கெட்டு எந்திரம் அடிக்கடி நின்றதால். ஸ்பிரிங் எதனால் மாற்றப்படவில்லை? எட்டு மாதமாகச் சீட்டு மேனேஜர் மேசையில் இருப்பதால். சீட்டு எதனால் அங்கேயே இருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் இல்லை. மேனேஜரிடம் கேட்கவும்.'

யோசித்துவிட்டு இன்னொரு வரியும் சேர்த்தாள். 'இதற்கு முன் அறுபத்து மூன்று பக்கங்களில் நான் இதைக் கேட்காமல் கையெழுத்திட்டேன்.' கீழே பெயர், தேதி. தாளைக் குண்டூசியால் பக்கத்தோடு சேர்த்துக் குத்தினாள். பதிவேட்டை இழுப்பறையில் வைக்கவில்லை. சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சட்டைப் பொத்தானைக் கழற்றுவதைப் பாதியில் நிறுத்தினார்.

"ஊர்ல ஆயிரம் பேர் வாயைப் பொத்திக்கிட்டுப் பொழைக்கலையா? உனக்கு எதுக்கு இந்த வம்பு?"

"என் பேர்ல குத்தினாங்களே, அன்னிக்கு யாராவது வம்புக்குப் போயிருந்தா எனக்கு எவ்வளவு நல்லா இருந்திருக்கும்?"

"வேலை போச்சுன்னா?"

"போகட்டும். எழுதப் படிக்கத் தெரிஞ்சவ. முத்திரை குத்தாத இடமா பார்த்துச் சேந்துக்கறேன்."

"அப்படி ஒரு இடம் எங்க இருக்கு?"

"ஏன் இல்லைன்னு கேக்க ஆளில்லாததாலதான் இல்ல."

மகள் வீட்டுப் பாடத்திலிருந்து தலையைத் தூக்கி, "அப்பா, விட்டுடுங்க. அம்மாகூட வாதாடி ஜெயிச்சவங்க யாரு?" என்றாள். அவர் மிச்சப் பொத்தானையும் கழற்றினார். "காலைல என் வேன்லயே ஏறு. பஸ்ஸை நம்பி லேட்டானா அதுக்கும் ஒரு முத்திரை தயாரா வச்சிருப்பான் அந்த மனுசன்."

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது ஓர் அம்மாள். நரைத்த குட்டை முடி, கறுப்புக் கைப்பை, பேச்சில் பாதி இங்கிலீஷ். மேனேஜர் அறைக்குள் ஒய்யக்கா நுழைந்ததும் அந்த அம்மாள் 'ஒய் டோன்ட் யூ' என்று தொடங்கி ஏதோ சொன்னார். நீ ஏன் உட்காரவில்லை என்று கேட்கிறார் என எடுத்துக்கொண்டு ஒய்யக்கா மளமளவென்று ஆரம்பித்தாள்: "உக்கார நாற்காலி போட மாட்டாங்க மேடம். இந்த ரூம்ல எங்க யாருக்கும்..."

அந்த அம்மாள் புன்னகைத்தார். "உக்காருங்கன்னுதான் சொன்னேன்."

அகராதியில் படித்த உபசாரம்! நேரில் கேட்டது இதுதான் முதல்முறை. உட்கார்ந்தாள். மேனேஜரின் முகம் சுருங்கியது.

"பதிவேட்டை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருக்கு மேடம். கேட்டா, கம்பெனிப் புத்தகத்துல கோடு வேற கிழிச்சிருக்கேன்னு சொல்லுது. பதினோரு வருஷமா அந்த மேசையில இருக்கிற ஆள் செய்ற வேலையா இது?" அவள் பக்கம் திரும்பினார். "சொல்லும்மா, ஒய்?"

பழைய சத்தம். ஸ்கேல் மட்டும்தான் இல்லை. அவள் முதுகு தானாகவே நிமிர்ந்தது.

"கேட்டுட்டீங்க சார், பதில் சொல்ல விடணும். நடுவுல எதிர்த்துப் பேசறியான்னு சொல்லக் கூடாது." பையிலிருந்து பதிவேட்டை எடுத்து, எழுதிய பக்கத்தைக் காட்டாமல், அதைத் தாண்டி ஒரு வெள்ளைப் பக்கத்தை அந்த அம்மாளுக்கு முன்னால் விரித்தாள். "மேடம், இந்தப் பக்கத்துல இன்னும் யாரும் அடிபடல. என்ன நடந்ததுன்னு இல்ல, தேதி இல்ல, பேர் இல்ல. தப்பு யார் மேலன்னு மட்டும் எழுதியாச்சு. அந்த ஆள் யாருன்னு சார் இப்பவே சொல்லிட்டா, நாளைக்கு லீவு போட்டு வீட்டுலயே இருக்கச் சொல்லிடலாம்."

அந்த அம்மாள் பக்கங்களைப் புரட்டினார். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. ஊதா, ஊதா, ஊதா.

"இது... வேலை சுலபமாகட்டும்னு..." என்றார் மேனேஜர். "எல்லா விபத்துக்கும் காரணம் ஒண்ணுதானே மேடம்? பதினோரு வருஷ அனுபவத்துல சொல்றேன்."

அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். அதுதான் ஒய்யக்காவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த அம்மாள் குண்டூசி குத்திய தாளுக்கு வந்தார். இரண்டு முறை படித்தார். "இந்தச் சீட்டு எழுதினதுக்கு ஏதாவது அத்தாட்சி இருக்கா?"

"அப்படி எதுவுமே என் கைக்கு வரல" என்றார் மேனேஜர்.

சீட்டு எழுதியவர் ஒய்யக்கா இல்லை. எழுதியவர் பெயரைச் சொன்னால் அவர் வயிற்றில் அடித்தது போலாகும். சொல்லாவிட்டால் நெட்டச்சி வயிற்றில் விழும். கேட்பது சுலபம், பதிலுக்கு எப்போதும் யாராவது ஒருவர் வலியைத் தாங்க வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கதவை யாரோ தட்டினார்கள். மெக்கானிக் அண்ணன். கையெல்லாம் கிரீஸ். கக்கத்தில் இடுக்கியிருந்த சீட்டுப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு சீட்டுக்கும் அடியில் கார்பன் நகல் தங்குகிற புத்தகம். மூன்று இடங்களில் தீக்குச்சி சொருகியிருந்தது.

"மூணு நகலும் இருக்கு மேடம். ரெண்டாவதுல சார் இன்ஷியல்கூட இருக்கு. கம்பியைக் கட்டினது நான்தான். எழுதிக்குங்க." அவர் ஒய்யக்காவைப் பார்க்கவே இல்லை. "ராத்திரி பூரா அந்தப் பொண்ணு கத்தினது காதுலயே நின்னுச்சு."

சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்காராமல், வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

அன்றே ரோலரை நிறுத்தினார்கள். எட்டு மாதமாக வராத ஸ்பிரிங் இரண்டே நாளில் வந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பொருள். நெட்டச்சியின் மூன்றாவது முத்திரை செல்லாது என்று எழுத்து மூலம் உத்தரவு வந்தது. கை ஆறியதும் அவள் வேலைக்குத் திரும்பலாம். மெக்கானிக் அண்ணனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். "இத்தனை வருஷத்துல கம்பெனி எனக்குப் போட்ட முதல் கடிதாசி" என்று அதை அவர் பாய்லர் அறைச் சுவரில் ஒட்டிவைத்தார். மேனேஜர் மேனேஜராகவே இருந்தார். நாற்காலி அவ்வளவு சீக்கிரம் காலியாகிவிடுமா என்ன.

அடுத்த வாரம் ஒய்யக்காவின் மேசைக்கு ஒரு மெமோ வந்தது. கம்பெனிப் பதிவேட்டை அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோனது, அதில் அனுமதியில்லாமல் எழுதியது. இந்தக் குற்றங்களுக்காக உங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கவும்.

கைக்கட்டோடு சம்பளச் சீட்டு வாங்க வந்திருந்த நெட்டச்சி அதை வாங்கிப் படித்தாள். அவள் முகத்தில் கேலி எதுவும் இல்லை.

"அக்கா, தெரியாமச் செஞ்சுட்டேன், மன்னிச்சுடுங்கன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க. எனக்காக நீங்க செஞ்சதே போதும்."

"உனக்காக மட்டுமா செஞ்சேன்? பெரிய இவ."

"விளையாடாதீங்கக்கா. அந்த ஆளு உங்களை வெளிய தள்ளத்தான் பாக்கறான்."

"பாக்கட்டும்." அவள் மெமோவை மேசைமேல் நீவி வைத்தாள். "இருபது வருஷத்துல இந்தக் கம்பெனி என்னை ஏன்னு கேட்டு, பதிலுக்கு மூணு நாள் டைமும் குடுத்தது இதுதான்டி முதல் தடவை. அதைப் போய் ரெண்டு வரியில வீணாக்கச் சொல்றியா?"

அன்று மத்தியானம் எழுத ஆரம்பித்தாள். இடது கையால் போட்ட அந்த முதல் கையெழுத்திலிருந்து தொடங்கினாள். பிறகு இரண்டாவது பக்கம், மூன்றாவது பக்கம். யாருக்கு என்ன நடந்தது, எதனால் நடந்தது, தான் எதைக் கேட்காமல் விட்டாள் என்று ஒவ்வொன்றாக எழுதினாள். நினைவில் நிற்காததை ரோலர் பெண்களிடம் கேட்டாள். அவர்களுக்கு எல்லாம் நினைவிருந்தது. வேலை போன ஏழு பேரில் நான்கு பேர் இப்போது இருக்கும் இடத்தை யாரோ சொன்னார்கள். அதையும் எழுதினாள்.

இரண்டாம் நாள் பதினேழாவது தாளோடு வெள்ளைத்தாள் தீர்ந்துவிட்டது. மேனேஜர் அறைக்குப் போய்த் தாள் கேட்டாள்.

"விளக்கம்னா ஒரு பக்கம்மா! இருபது பக்கமா எழுதுவாங்க? தாள் எல்லாம் கிடையாது."

"ஏன் சார் கிடையாது?"

அவர் கணினித் திரையைப் பார்ப்பது போலப் பாவனை செய்தார். அவள் வெறுங்கையோடு திரும்பி வருவதை மடிப்பு மேசைப் பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி, துவைத்த விரிப்புகளைச் சுற்றிக் கட்டுகிற பழுப்புத் தாளில் ஒரு முழம் கிழித்து ஒய்யக்காவின் மேசையில் வைத்தாள். இன்னொருத்தி அதன் ஓரங்களை இஸ்திரி போட்டுச் சுருக்கம் எடுத்துக் கொடுத்தாள். இன்னும் வேண்டுமா என்று, அன்றைக்கும் வந்திருந்த நெட்டச்சி கட்டுப் போட்ட கையாலேயே சைகை காட்டினாள்.

"கட்டா கொண்டு வாங்கடி" என்று ரோலர் சத்தத்துக்கு மேலே கத்திவிட்டு, ஒய்யக்கா பதினெட்டாவது பக்கம் என்று இலக்கம் போட்டாள்.